பச்சை பெல்ட்டில் பதினேழு கருவிகள்

திருமூர்த்தியின் இடுப்பில் ஐந்து வருஷம் தொங்கிய கத்தி, தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் ஒரு வேலை செய்தது. அந்த நேரத்தில் அது அவர் இடுப்பில் இல்லை. சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு, சரசுவதி படத்துக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் படுத்திருந்தது. அதிலிருந்து பதினைந்தடி தள்ளி, பட்டறையைக் கூட்டிப் பெருக்கும் பாவாத்தாளின் வலக்கை ஒரு லேத்தின் பல்சக்கரத்தில் மாட்டி நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கை என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் திருமூர்த்தியைச் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லாமல் அந்தக் கத்தியைச் சொல்ல முடியாது.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. அப்பா வைத்துவிட்டுப் போனது. சரவணம்பட்டி சாலையில் ஒரு மோட்டார் பம்புப் பட்டறை. மாமனார் போட்டுக் கொடுத்தது. இரண்டு லேத், ஒரு துளைபோடும் மெஷின், பதினோரு ஆட்கள். இந்த இரண்டில் எதையும் அவர் கையால் தொட்டு உண்டாக்கவில்லை என்றாலும், ‘நான் ஒண்டியா நின்னு கட்டுனதுங்க’ என்பதை அவர் சொல்லாத நாள் கிடையாது. ஊரில் யாரும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் முதல் பந்திக்கு முன்பே வந்துவிடுவார். சாவுக்குக் கூப்பிடாமலே வருவார்.

பேச்சில் அப்படி ஒரு மரியாதை. எதிர்வீட்டு மூன்று வயதுக் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு, சாப்டீங்களா’ என்று கேட்பார். அந்த ‘ங்க’வைப் பற்றிக் கொங்கு நாட்டில் எல்லாருக்கும் பெருமை. அது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு என்பதை மட்டும் யாரும் வெளியில் சொல்வதில்லை. பட்டறையில் மோட்டார் காயில் சுற்றும் சுப்பையனுக்கு அன்று நாற்பத்தெட்டு வயது. திருமூர்த்தியைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் ‘டேய் சுப்பா’. பாவாத்தாள் ‘ஏ பாவாத்தா’. இருவரும் ஊருக்குக் கிழக்கே தனியாக ஒதுக்கி வைக்கப்பட்ட தெருவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பட்டறையில் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ வரும். இவர்கள் இருவருக்கும் சன்னல் கம்பியில் இரண்டு கண்ணாடி கிளாஸ் மாட்டியிருக்கும். குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்ட வேண்டும். மின்சாரத்தில் ஓடும் பட்டறை, ஜெர்மனி வரை பேச்சு, சன்னலில் இரண்டு கிளாஸ்.

அந்த ஜெர்மனியிலிருந்துதான் கத்தி வந்தது.

1991இல் திருமூர்த்தியின் மனைவியின் தம்பி கிருபாசங்கர், ஏதோ நூற்பு மெஷின் கண்காட்சிக்குப் போனவர், திரும்பும்போது மச்சானுக்கென்று வாங்கி வந்தார். சிவப்புப் பிடி, உள்ளங்கைக்குள் அடங்கும் நீளம், மடித்து மடித்து உள்ளே பதினேழு கருவிகள். கூடவே பொத்தான் வைத்த ஒரு தோலுறை. அதை நம்மூர் அகலப் பச்சை பெல்ட்டில் கோத்து, வெள்ளை வேட்டிக்கு மேல் கட்டினால் இடது இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றிலிருந்து அது இல்லாமல் திருமூர்த்தி வாசல் தாண்டியதில்லை. பணப்பையை மறந்திருக்கிறார். கண்ணாடியை மறந்திருக்கிறார். ஈரோட்டுக் கல்யாணத்துக்கு மனைவி தெய்வாத்தாளையே பஸ் ஸ்டாண்டில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். உறையை மறந்ததில்லை. காலையில் கிளம்புமுன் உள்ளங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்.

கத்தியை நான் குறை சொல்லவில்லை. நல்ல கத்தி. யாரோ ஒரு தொழிலாளி மில்லிமீட்டர் பிசகாமல் செய்தது. பதினேழு வேலைக்குப் பதினேழு கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதவனுக்கு அது கிடைத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பான். திருமூர்த்திக்கோ செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. திருகு கழன்றால் திருக ஆளுண்டு. டப்பா திறக்க ஆளுண்டு. அவர் செருப்பின் வார் அறுந்தால் தைத்துக் கொடுக்க ஆளுண்டு. வேலை செய்யாத கைக்குத்தான் இப்படிப் பளபளக்கும் கருவி பிடிக்கிறது. இடுப்பில் அது தொங்கினால், தேவைப்பட்டால் தன்னால் எல்லாம் முடியும் என்ற எண்ணம் வருகிறது. தேவைப்படவே படாது என்பதும் உள்ளூரத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்து தரும் சுகம் பெரிய சுகம்.

“அவசரத்துக்கு உதவுமுங்க,” என்பார், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம். கேட்காமலே பொத்தானைத் திறப்பார். “இது ரம்பம். இது கத்தரி. இது பூதக்கண்ணாடி, சின்ன எழுத்துப் படிக்கறதுக்கு.”

“இதென்னுங்க, சுருள் சுருளா?”

அது பாட்டிலின் கார்க்கைத் திருகி இழுக்கும் கருவி. கார்க் வைத்த பாட்டிலை திருமூர்த்தி கண்ணால் கண்டதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

“அதுங்களா? பாம்பு கடிச்சுதுன்னா, கடிவாயில உட்டுத் திருகுனா வெசம் வெளிய வந்துருமுங்க.”

பக்கத்து இலைக்காரர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, “தொண்டாமுத்தூர்ல யானையல்லங்க வரும். அதுக்கு என்ன வெச்சிருக்கறாங்க?” என்று கேட்பார். திருமூர்த்தியும் சிரிப்பார். உறையை மூடுவார். உண்மையில் அவர் பயன்படுத்தியது பல்குத்தி ஒன்றைத்தான். அதையும் முதல் வருஷமே ஏதோ ஒரு சம்பந்திக்கு இரவல் கொடுத்துத் தொலைத்தார்.

சுப்பையனிடம் இருந்தது ஒரு கத்தி. இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றின் உடைந்த பாதி. ஒரு முனையைச் சாணைக்கல்லில் தீட்டி, மறு முனையில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பிடியாக்கியிருந்தார். சட்டைப்பையில் பீடிக்கட்டோடு கிடக்கும். காயில் கம்பியின் மேல்பூச்சைச் சீவுவதும், கட்டுநூல் அறுப்பதும், சோற்றுப் பொட்டலம் பிரிப்பதும், பென்சில் சீவுவதும் எல்லாம் அதுவேதான். திருமூர்த்தி ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, “ஏண்டா, இந்தத் தகரத்தையா வெச்சுட்டுத் திரியறே? போலீஸ்காரன் புடிச்சான்னா ரவுடின்னு உள்ள போடுவான்டா,” என்றார். தன் இடுப்பில் இருப்பதும் கத்திதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னதும் சரிதான். போலீஸ்காரன் சுப்பையனைத்தான் பிடிப்பான்.

சுப்பையன் வேறொன்றும் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய லேத்தின் பக்கவாட்டில் பல்சக்கரங்களை மூடியிருந்த தகட்டை, பழுது பார்க்கக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவேயில்லை. தகடு எங்கோ பழைய இரும்போடு போய்விட்டது. புதிதாக ஒன்று வெட்டிப் போட வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொன்னார். “சேலை கட்டுனவங்க நடமாடற எடமுங்க,” என்றார். “அவங்களை அக்கட்டால போகச் சொல்லு,” என்பது திருமூர்த்தியின் பதில். ஒரு தகடு, நான்கு திருகு. அவர் இடுப்பிலேயே திருப்புளி இருந்தது.

1996 அக்டோபரில் ஆயுத பூசை வந்தது.

ஆயுத பூசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க உழைத்த கருவிகளுக்கு ஒரு நாள் ஓய்வு என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. உழைத்த ஆளுக்கு ஓய்வு கொடுப்பதைவிட ஸ்பேனருக்கு ஓய்வு கொடுப்பது செலவில்லாத காரியம். பூசைக்கு வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை தொடக் கூடாது என்பது கட்டுப்பாடு. அதனால் அன்று காலையிலேயே லேத் ஓட்டும் டர்னர் ராமுலு எல்லாருடைய கருவிகளையும் வாங்கி, கட்டிங் பிளேயரும் உளியும் கத்தரிக்கோலுமாக அலுவலக அறையில் வாழையிலை போட்டு அடுக்கினார். பெரிய கருவிப் பெட்டியைப் பூட்டி, மஞ்சள் கயிறு சுற்றி, சாவியையும் தாம்பாளத்தில் வைத்தார். சுப்பையனின் பிளேடை திருமூர்த்தி இலையில் வைக்க விடவில்லை. “அந்தத் தகரத்தைப் பெட்டிக்குள்ளயே போட்டுப் பூட்டு,” என்றார். தன் சிவப்புக் கத்தியை உறையிலிருந்து எடுத்து, தானே துடைத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டார்.

கருவிகள் தூங்கலாம், மெஷின் மட்டும் தூங்கக் கூடாது. பூசை முடிந்ததும் நல்ல நேரத்தில் பெரிய லேத்தை ஒரு நிமிஷம் ஓடவிட வேண்டும். அதுவும் சம்பிரதாயம். ஆக, வருஷத்தின் மற்ற நாளெல்லாம் ஏழெட்டுப் பேர் பையில் ஏதாவது வெட்டும் சாமான் இருக்கும் பட்டறையில், ஒருவர் பையிலும் ஒன்றுமில்லாத ஒரே ஒரு நாள் பார்த்து, மூடியில்லாத பல்சக்கரத்தின் மேல் ஒரு முழ நீளச் செவ்வந்தி மாலையும் தொங்கவிட்டு, மெஷினை ஓடவிட்டார்கள். இதற்கு ஐதீகம் என்று பெயர்.

கற்பூரம் காட்டியாயிற்று. வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. சுப்பையனும் பாவாத்தாளும் அலுவலக அறைக்கு வெளியே, படிக்குக் கீழே நின்று காகிதத்தில் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டார்கள். பாவாத்தாள் அன்று புதுச்சேலை கட்டியிருந்தாள். ஆயுத பூசை நோம்பிக்கு முதலாளி கொடுத்தது. நீல நிற நைலக்ஸ். இழுத்தால் கிழியாத துணி.

திருமூர்த்தி சுவிட்சைப் போட்டார். லேத் ஓடியது. ஓடிய காற்றில் மாலை ஆடி, அதன் நுனி பல்சக்கரத்துக்குள் போய்ப் பூ உதிரத் தொடங்கியது. பூசை மாலை அறுந்தால் அபசகுனம். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

“ஏ பாவாத்தா! மாலையப் புடி, மாலையப் புடி! அறுந்துபோடப் போகுது!”

சுவிட்ச் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை அணைக்கலாம் என்று தோன்றவில்லை. பாவாத்தாள் வாசலில் பொறுக்கிக்கொண்டிருந்த பூசணித் துண்டுகளைப் போட்டுவிட்டு ஓடி வந்து மாலையைப் பிடித்தாள். மாலை இழுத்தது. முந்தானை போய்ச் சிக்கியது. அவள் அலறுவதற்குள் சேலை அவள் முன்கையை நான்கு சுற்றுச் சுற்றி, கையைப் பல்சக்கரத்தோடு சேர்த்து அழுத்திவிட்டது.

ராமுலுதான் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். மெஷின் நின்றது. சுப்பையன் சக்கரத்தைப் பின்னால் திருப்பிப் பார்த்தார். துணியும் மாலை நாரும் பற்களுக்கிடையில் ஆப்பு வைத்ததுபோல் இறுகியிருந்தன. அசையவில்லை. முறுக்கிய நைலக்ஸ் கயிறுபோல் கையில் புதைந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேல் ரத்தம் கசிந்தது. விரல்கள் ஊதிக் கறுக்கத் தொடங்கின.

“கத்தி கொண்டாங்க! ஏதாச்சும் கத்தி!” என்று சுப்பையன் கத்தினார்.

எல்லாரும் சட்டைப்பையைத் தடவினார்கள். பொரிதான் இருந்தது. பிறகு எல்லாரும் ஒன்றாகத் திரும்பி அலுவலக அறையைப் பார்த்தார்கள். அறை வாசலில் திருமூர்த்தி நின்றிருந்தார்.

“பொறுங்கடா, பொறுங்கடா. பூசைக்கு வெச்சாச்சு. நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும். நான் ஊட்டுக்குப் போன் போடறேன்.”

போட்டார். இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டில் தெய்வாத்தாள் எடுத்தார்.

“அருவாமனையக் குடுத்துவிடு. சுருக்கா.”

“அருவாமனை பூசையில இருக்குதுங்க.”

“கொடுவாள்?”

“அதும் அங்கதானுங்க. சின்னப் பாப்பா பென்சில் சீவற பிளேடக்கூடக் கொண்டாந்து வெச்சுப்போட்டா. ஏனுங்க, என்னாச்சுங்க?”

“பக்கத்தூட்ல கேட்டுப் பாரு.”

“அங்கயும் நோம்பிதானுங்களே!”

அந்தச் சாலையிலிருந்த அத்தனை கூர்மையான இரும்பும் அன்று சந்தனம் பூசிப் படுத்திருந்தது. ஒரு கை போகிறது, கத்திகள் எல்லாம் சாமி ஆகிவிட்டன. திருமூர்த்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தார்.

“சாமி,” என்றாள் பாவாத்தாள். அவள் குரல் இப்போது கத்தவில்லை. “சாமி, வெரலு இருக்கறதே தெரியலீங்க சாமி.”

சுப்பையன் எழுந்தார். பன்னிரண்டு வருஷம் வேலை செய்த இடத்தில் ஒருநாளும் மிதிக்காத அந்தப் படியில் ஏறினார்.

“டேய், டேய்! உள்ள போகாதடா! சுப்பா!”

உள்ளே போனார். தாம்பாளத்தில் கைக்கு முதலில் வந்தது சிவப்புக் கத்தி. எடுத்துக்கொண்டு திரும்பினார். வாசலில் திருமூர்த்தி மறித்தார். சுப்பையன் பூசையறைக்குள் வந்தாயிற்று, கத்தியைத் தொட்டாயிற்று. இனி மிச்சமிருப்பது தன் கௌரவம் மட்டும்தான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

“இங்க குடு! உனக்கு அதெல்லாம் தொறக்கத் தெரியாது. நான் தொறக்கறேன்.”

பிடுங்கினார். கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். பாம்பு விஷம் எடுக்கும் சுருள் வந்தது. அதை மடக்கிவிட்டு மறுபக்கம் இழுத்தார். பூதக்கண்ணாடி வந்தது. நகம் வைக்கும் பள்ளமெல்லாம் சந்தனம் அப்பியிருந்தது, அவரே அப்பியது. டப்பா திறப்பது வந்தது. மீன் செதில் சீவுவது வந்தது. ஐந்து வருஷம் ஒருநாள் தவறாமல் இடுப்பில் கட்டி, ஐந்நூறு பந்தியில் விளக்கம் சொன்ன மனிதருக்கு, அதில் கத்தி எந்த மடிப்பில் இருக்கிறது என்று தெரியவில்லை. நெற்றியில் வியர்வை குங்குமத்தோடு வழிந்தது. “இதுலதான் இருக்குமுங்க... இதுலதான்...” என்று முனகினார். பதற்றத்தில் சுப்பையனுக்கே ‘ங்க’ போட்டுவிட்டார்.

“குடுங்க இப்படி,” என்று சுப்பையன் அவர் கையிலிருந்து அதை வாங்கினார். விரலோடு விரல் பட்டது. சுப்பையன் கத்தியின் பக்கவாட்டை ஒரு பார்வை பார்த்தார். மடிப்புகளிலேயே அகலமான மடிப்பு எதுவோ அதில் நகத்தை வைத்தார். கத்தி வந்தது.

அறுத்தார். முதலில் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த முறுக்கு, பிறகு ஒவ்வொரு சுற்றாக. நைலக்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு விட்டது. கை வெளியே வந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கையை எடுத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எலும்பு தப்பியது. பதினோரு தையல். மணிக்கட்டுக்கு மேல் பிறைபோல ஒரு தழும்பு. சுண்டுவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

மறுநாள் காலை பட்டறையில் மறுபூசை உடனே நடக்கவில்லை. அதற்கு முன்னால் வேறொரு பூசை நடந்தது. ஐயர் வந்து அலுவலக அறை முழுக்க மஞ்சள் தண்ணீரும் கோமியமும் தெளித்தார். லேத்தின் ரத்தத்தைக் கழுவினார்கள். பல்சக்கரத்துக்கு மூடி போட்டார்களா என்றால், இல்லை. அதன்மேல் எலுமிச்சம்பழமும் ஏழு பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்கள். சக்கரத்தில் சிக்குவதற்கு இன்னொரு சாமான்.

சுப்பையன் படிக்குக் கீழே நின்றார். திருமூர்த்தி நாற்காலியில் இருந்தபடி பேசினார். கோபமாகப் பேசவில்லை. அவருக்குக் கோபம் வராது, நல்ல மனிதர்.

“சுப்பா, நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. நேத்து அவசரத்துல பூசைக்குள்ள வந்துபோட்டேன், தப்புத்தானுங்கன்னு எல்லாரு முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிப்போடு. அத்தோட முடிஞ்சுது.”

“தப்புன்னா, பாவாத்தாக்கா கைய அப்படியே உட்டிருக்கோணுங்களா?”

“அதையும் இதையும் ஏண்டா கலக்கறே? அது வேற, இது வேற.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க தெரியுது.” சுப்பையன் லேத்தைக் காட்டினார். “அதுக்கு ஒரு மூடி போடச் சொல்லி ரெண்டு வருசமாச் சொன்னனுங்க. போடாதது தப்புத்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பறம் நான் சொல்றேன்.”

யாரோ இருமினார்கள். ராமுலு தரையைப் பார்த்தார். திருமூர்த்தி ஐயரைப் பார்த்தார், இதற்கு ஏதாவது மந்திரம் உண்டா என்பதுபோல.

“சொல்லாட்டி, நாளையிலிருந்து வரவேண்டாம்.”

“சரிங்க,” என்றார் சுப்பையன். கருவிப் பெட்டியிலிருந்து தன் ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டார். சன்னல் கம்பியிலிருந்த இரண்டு கண்ணாடி கிளாஸையும் கழற்றி, வாசலில் பூசணி உடைத்த இடத்திலேயே போட்டு உடைத்துவிட்டுப் போனார்.

பாவாத்தாள் கைக்கட்டோடு ஒரு மாதம் கழித்து வந்தபோது, அவள் கை மெஷினுக்கு ஆகவில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். மெஷின் அவள் கைக்கு ஆகவில்லை என்று எவருக்கும் சொல்ல வரவில்லை.

சிவப்புக் கத்தி அலுவலக அறையின் அலமாரியில் கிடந்தது, திறந்த வாக்கில். மடிக்குமிடத்தில் நீல நூல் சிக்கி மடங்க மறுத்தது. எடுத்துச் சுத்தம் செய்ய திருமூர்த்திக்குக் கை வரவில்லை. யார் கை பட்டது, எந்த ரத்தம் பட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனால் இடுப்பு வெறுமையாக இருந்தால் நாலு பேர் கேட்பார்களே? அதனால் உறையை மட்டும் கட்டிக்கொண்டு போனார். காலி உறை தொய்ந்து தெரிந்தது. ஒரு சின்னச் சுண்ணாம்பு டப்பாவையும் நாலு கொட்டைப்பாக்கையும் உள்ளே போட்டுப் பொத்தானை மாட்டினார். கனம் சரியாக வந்தது. கிளம்புமுன் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பந்தியில் கதை வளர்ந்தது. முதல் கல்யாணத்தில், “என்ற கத்திதானுங்க அந்தப் பொம்பளை கையக் காப்பாத்துச்சு. நம்ம பையன் ஒருத்தன் அறுத்தான்,” என்றார். தை மாதம் வரும்போது பையன் விளக்குப் பிடித்தான், அறுத்தது இவர். சித்திரையில் பையன் இல்லவே இல்லை. “தாம்பாளத்துல இருந்து எடுத்தேன், ஒரே அறுப்பு. சாமி முக்கியமா, உசுரு முக்கியமாங்க?” என்று கேட்டு, உறையைத் தட்டுவார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். திறந்து காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஐந்து வருஷமாகப் பார்த்துச் சலித்த கத்திதானே.

சுப்பையன் சரவணம்பட்டியில் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, மோட்டார் காயில் சுற்றும் கடை போட்டார். பாவாத்தாளும் அங்கேயே வந்து, எரிந்த காயில்களிலிருந்து செம்புக் கம்பியைப் பிரித்தெடுக்கும் வேலை பார்த்தாள். சுண்டுவிரல் மடங்காவிட்டாலும் மற்ற நான்கும் பழகிக்கொண்டன. அந்தக் கடையில் ஆயுத பூசை இல்லை. 1997 அக்டோபரில், ஊரே கருவிகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நாளில், அங்கே மட்டும் காயில் சுற்றும் சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. கிருபாசங்கர் ஓட்டி வந்தார். இறங்கியது திருமூர்த்தி.

மறுநாள் விஜயதசமி. அவர் மூத்த மகள் லோகப்பிரியாவுக்கு நிச்சயம். வீட்டில் ஒறம்பரையென்று எண்பது சொந்தக்காரர்கள். காலையிலிருந்து போர் மோட்டார் ஓடவில்லை. ஸ்டார்ட்டர்ப் பெட்டிக்குள் இருக்கிற காயில் எரிந்துவிட்டது. மோட்டார் பம்பு செய்து விற்கும் முதலாளி வீட்டில் கைகழுவத் தண்ணீர் இல்லை. அவர் பட்டறையில் ஆட்கள் உண்டு, கருவிகள் வாழையிலையில் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கையில் பூசைக்கு வைத்ததைத் தொட முடியாது. ஆகவே, பூசையைத் தீட்டாக்கிய குற்றத்துக்கு விரட்டிய ஆளிடம், பூசையைத் தீட்டாக்காமலிருக்கும் பொருட்டு வந்திருந்தார்.

“சுப்பா, எப்படி இருக்கறே?” என்றார். பிறகு கிருபாசங்கர் பக்கம் பார்த்துவிட்டு, “இருக்கறீங்க?” என்று திருத்திக்கொண்டார்.

அவர் மேசைமேல் வைத்த ஸ்டார்ட்டர்ப் பெட்டியை சுப்பையன் திறந்து பார்த்தார். “ஒரு மணி நேரம் ஆகுமுங்க. உக்காருங்க,” என்றார். எரிந்த காயிலைக் கழற்றி, புதுக்கம்பி சுற்றத் தொடங்கினார்.

கிருபாசங்கருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அவர் வெளியூர்க்காரர், போன வருஷக் கதையைப் பந்தியில் கேட்டவர். சுப்பையன் கம்பியைப் பிளேடால் சீவுவதைப் பார்த்து, “என்னுங்க, இதை வெச்சுட்டா சீவறீங்க?” என்றார். “மச்சான், உங்க கத்திய எடுத்துக் குடுங்க. அதுல கம்பி சீவறதுக்குன்னே ஒண்ணு இருக்குது. தெரியுங்களா, நான் ஜெர்மனில வாங்குனது. ஒரு பொம்பளை கை லேத்துல மாட்டுனப்ப, மச்சான் இதே கத்தியில ஒரே அறுப்புல எடுத்தாராமா.”

காயில் சுற்றும் சத்தம் நின்றது.

கொட்டகையின் மூலையில் செம்புக் கம்பி பிரித்துக்கொண்டிருந்த பாவாத்தாள் எழுந்து வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகியிருந்தாள். திருமூர்த்திக்கு எதிரில் நின்று வலக்கையை நீட்டினாள். பிறைத் தழும்பு மேலே தெரிந்தது.

“அப்படிங்களா? அந்தக் கத்திய நானும் நல்லாப் பாக்கலீங்க. கொஞ்சம் காட்டுங்க.”

அவள் ‘சாமி’ என்று சொல்லவில்லை.

“அது... இப்ப எதுக்கு,” என்றார் திருமூர்த்தி. கை உறையைப் பொத்தியது. “பூசை நாளு. இன்னைக்கு எடுக்கப்படாது.”

“இடுப்புலதானே இருக்குது, பூசையில இல்லையே,” என்றார் கிருபாசங்கர். மச்சானிடம் வெட்கமென்ன என்று சிரித்துக்கொண்டே கைநீட்டிப் பொத்தானைத் திறந்து உறையைக் கவிழ்த்தார்.

சுண்ணாம்பு டப்பா விழுந்தது. கொட்டைப்பாக்கு நாலும் தகரக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் உருண்டன. ஒன்று சுப்பையனின் காலடியில் போய் நின்றது.

அவர் குனிந்து அதை எடுத்தார்.

“வெத்தலை இல்லீங்களா?” என்று கேட்டார் சுப்பையன்.

கிருபாசங்கர் மச்சானைப் பார்த்தார், பாவாத்தாளின் கையைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார். அவர் முட்டாளில்லை. எழுந்து காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரமும் திருமூர்த்தி தனியாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சுப்பையன் காயிலை மாட்டி, மின்சாரம் கொடுத்துப் பார்த்து, பெட்டியை மூடினார். கூலி என்ன உண்டோ அதைச் சொன்னார், ஒரு ரூபாய் கூடச் சொல்லவில்லை. ஆனால் பெட்டியைத் தானே எடுத்துத் தரவில்லை.

“அக்கா, அவருகிட்டக் குடுத்துருங்க.”

பாவாத்தாள் பெட்டியை வாங்கி, திருமூர்த்தி முன்னால் நீட்டினாள்.

“அப்படி மேசை மேல வையி,” என்றார் அவர். பழக்கம்.

அவள் வைக்கவில்லை. நீட்டியபடியே நின்றாள். கனமான இரும்புப் பெட்டி. மடங்காத சுண்டுவிரல் அதன் ஓரத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் எண்பது பேர், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காரில் கிருபாசங்கர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருமூர்த்தி எழுந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது அவர் விரல்கள் அவள் விரல்கள் மேல் பட்டன. பெட்டி கனமாக இருந்ததால் உடனே எடுக்கவும் முடியவில்லை.

காருக்குப் போகும்வரை இடுப்பில் உறையின் வாய் திறந்தே கிடந்தது. இரண்டு கையிலும் பெட்டி இருந்தது, மூட முடியவில்லை.